பி.டி. பீரியட் எதற்கு? விளையாட்டு குழந்தைக்கு எப்போது பலன் தருகிறது, எப்போது தராமல் போகிறது

தேர்வு நெருங்கினால் பள்ளியில் முதலில் பறிபோவது விளையாட்டு வகுப்புதான். கணக்கு முடியவில்லை, அறிவியல் மிச்சமிருக்கிறது, பி.டி. பீரியடை எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை. அதே பள்ளியின் விளையாட்டு விழாவில் மேடையேறுகிறவர்கள், விளையாட்டு ஒழுக்கம் தரும், தலைமைப் பண்பை வளர்க்கும், தோல்வியைத் தாங்கச் சொல்லித்தரும் என்று பேசுவார்கள். இரண்டையும் கேட்கிற பெற்றோர் குழம்பாமல் என்ன செய்வார்கள்? ஒரு பக்கம் வெறும் பொழுதுபோக்கு, இன்னொரு பக்கம் சர்வரோக நிவாரணி.

இரண்டிலும் பாதிதான் உண்மை. உடலுக்குக் கிடைக்கிற பலன் ஓரளவு தானாகவே வந்துவிடும், குழந்தை ஓடினால் போதும். மனதுக்குக் கிடைக்கிற பலன் அப்படி வராது. அது வகுப்பை நடத்துகிறவர் எப்படி நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே மைதானம், ஒரே பந்து, அதே முக்கால் மணி நேரம். ஒரு பிள்ளை வாழ்நாள் முழுக்க ஓடியாடும் பழக்கத்தோடு வெளியே வருகிறது, பக்கத்தில் நின்ற இன்னொன்று இனி இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று முடிவு செய்துவிடுகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

## மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

செய்திகளில் இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்குகிறது.

1. உடல் இயக்கம். தசை அசைந்து சக்தி செலவாகும் எதுவும் இதில் சேரும். பள்ளிக்கு நடந்து போவது, படியேறுவது, ஓடிப்பிடித்து விளையாடுவது எல்லாமே.

2. உடற்கல்வி. இது ஒரு பாடம். பாடத்திட்டம் உண்டு, சொல்லித்தர ஆள் உண்டு. ஓடுவது, தாண்டுவது, எறிவது, பிடிப்பது, உடலைச் சமநிலையில் வைப்பது போன்றவற்றை வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுப்பது இதன் வேலை. 'எல்லா' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

3. போட்டி விளையாட்டு. அணி, விதிகள், வெற்றி தோல்வி, ஆள் தேர்வு எல்லாம் உள்ளது. இதில் நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான் முதலிடம்.

இரண்டாவதை மூன்றாவதைப் போல நடத்துவதுதான் பெரும்பாலான பள்ளிகளில் நடக்கும் கோளாறு. ஒரு பந்தைக் கொடுத்து விடுவார்கள். நன்றாக ஆடும் ஆறேழு பேர் அதை வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் எல்லைக்கோட்டருகே நின்று கதை பேசிவிட்டு மணியடித்ததும் வகுப்புக்குத் திரும்புவார்கள். கணக்கு வகுப்பில் முதல் ஆறு பேருக்கு மட்டும் பாடம் நடத்தினால் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

இது ஏதோ சலுகை சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. உடற்கல்வியும் விளையாட்டும் எல்லோருக்குமான அடிப்படை உரிமை என்று யுனெஸ்கோ 1978-லேயே ஒரு சாசனம் வெளியிட்டது, 2015-இல் அதைத் திருத்தி மறுபடியும் உறுதிசெய்தது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது.

## ஒரு நாளைக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு வாரம் முழுக்கச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கான இயக்கம் வேண்டும். அதில் வாரத்துக்கு மூன்று நாளாவது கடுமையான ஓட்டமும், தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் வகை அசைவுகளும் (தாண்டுதல், தொங்குதல், ஏறுதல்) இருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அதே நிறுவனம் 2019-இல் தந்த தனி வழிகாட்டுதல் இன்னும் அதிகம் கேட்கிறது, ஒரு நாளில் மொத்தம் 180 நிமிட அசைவு. அந்த வயதுக் குழந்தை ஏன் ஓரிடத்தில் உட்காரவே மாட்டேன் என்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

நடைமுறை என்ன? 146 நாடுகளின் 2016-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்துச் செய்த கணக்கு 2019-இல் வெளியானது. 11 முதல் 17 வயதுக்குள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த அளவைத் தொடுவதில்லை. பையன்களில் 78, பெண்களில் 85. ஐந்தில் நான்கு பேர் இந்த அளவைத் தொடவில்லை என்றால் அதைச் சோம்பேறித்தனம் என்று பிள்ளைகள் தலையில் கட்டிவிட முடியாது, அமைப்பிலேயே எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

## உடலுக்குள் நடப்பது

இதயம், நுரையீரல், எடை பற்றியெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம். அதிகம் பேசப்படாத சிலவற்றைப் பார்ப்போம்.

எலும்பு. நாம் பெரியவர்களாகி வைத்திருக்கும் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ கால் பங்கு, வளரிளம் பருவத்தின் வேகமான இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது. பெண்களுக்குப் பன்னிரண்டரை வயதையும் பையன்களுக்குப் பதினான்கு வயதையும் ஒட்டிய காலம் அது. எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் பொருள். சிறு வயதிலிருந்து டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். அந்த வயதை ஒட்டித்தான் தேர்வைக் காரணம் காட்டி விளையாட்டை நிறுத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். அறுபது வயதில் இடுப்பெலும்பு முறிவதற்கும் பன்னிரண்டு வயதில் குதிக்காமல் இருந்ததற்கும் தொடர்பு உண்டு.

கண். வெளியில் பகல் வெளிச்சத்தில் இருப்பது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் வகுப்பு வைத்து மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வெளியில் போனவர்களில் 30.4 சதவீதம். இங்கே வேலை செய்வது ஓட்டத்தைவிட வெளிச்சம் என்றுதான் கருதப்படுகிறது. அதனால் உள்ளரங்கில் ஷட்டில் ஆடினால் கண்ணுக்கும் நல்லது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் இரண்டு கட்டுக்கதைகள். கூடைப்பந்து ஆடினால் உயரம் கூடும் என்பார்கள். உயரத்தைத் தீர்மானிப்பது மரபும் ஊட்டமும். கூடைப்பந்து உயரமானவர்களைத் தேர்ந்தெடுக்கிறது, நாம் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பார்க்கிறோம். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது இரண்டாவது. சரியான முறையில், பயிற்சியாளர் மேற்பார்வையில், வயதுக்கேற்ற அளவில் செய்தால் அப்படி எதுவும் ஆவதில்லை. கண்காணிப்பில்லாமல் செய்தால் காயம் வரும், அது வேறு பேச்சு.

## அசைவும் ஒரு எழுத்தறிவு

இது தனித் தலைப்பு வைக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் பின்னால் வரும் ஊக்கம் பற்றிய பேச்சுக்கு இதுதான் அடித்தளம்.

எறிதல், பிடித்தல், உதைத்தல், ஒற்றைக்காலில் தாண்டுதல் எல்லாம் வயதானால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. அரைகுறையாக வரும். பந்தைச் சரியாக எறிய எதிர்ப்பக்கக் காலை முன்வைத்து இடுப்பைத் திருப்ப வேண்டும். யாராவது காட்டிக்கொடுத்து, பலமுறை செய்துபார்த்தால்தான் அது உடம்பில் உட்காரும். எழுத்துகள் தெரியாமல் புத்தகம் படிக்க முடியாததைப் போல, இந்த அடிப்படை அசைவுகள் தெரியாமல் எந்த விளையாட்டுக்குள்ளும் நுழைய முடியாது.

இதன் விளைவு ஒரு சுழல். படிப்படியாகப் பாருங்கள்.

1. ஐந்து, ஆறு வயதில் குழந்தைக்குத் தன் திறமையைப் பற்றிய மதிப்பீடு சரியாக இருக்காது. பந்தைத் தவறவிட்டாலும் நான்தான் சூப்பர் என்று நினைக்கும். இது இயற்கை தரும் ஒரு சலுகை. தவறு செய்துகொண்டே கற்கும் காலம் அது.

2. எட்டு, ஒன்பது வயதை நெருங்கும்போது குழந்தை தன்னை மற்றவர்களோடு ஒப்பிடக் கற்றுக்கொள்கிறது. யார் வேகம், யார் மெதுவாக என்பதெல்லாம் துல்லியமாகத் தெரிய ஆரம்பிக்கும்.

3. அதற்குள் அசைவுத் திறன் வந்துவிட்ட பிள்ளை 'எனக்கு வரும்' என்று உணர்கிறது, அதனால் அதிகம் ஆடுகிறது, அதனால் இன்னும் நன்றாக வருகிறது.

4. வராத பிள்ளை ஒதுங்குகிறது. ஒதுங்கியதால் பயிற்சி குறைகிறது, இடைவெளி ஆண்டுக்காண்டு பெரிதாகிறது. பன்னிரண்டு வயதில் 'எனக்கு விளையாட்டெல்லாம் பிடிக்காது' என்று சொல்லும் பிள்ளை, பல நேரம் 'எனக்கு வராது, எல்லோரும் பார்க்கிறார்கள்' என்பதைத்தான் கௌரவமாகச் சொல்கிறது.

ஆகவே தொடக்கப் பள்ளியில் உடற்கல்விக்குத் தனி ஆசிரியர் எதற்கு, சும்மா விளையாடட்டுமே என்கிற வாதம் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வயதில்தான் சொல்லித்தர ஆள் மிக அவசியம்.

## படிப்பு கெடுமா?

கெடாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் துருவா-ரிவியே பகுதியில் 1970-களில் ஒரு நீண்ட சோதனை நடந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு ஐந்து மணி நேரம் உடற்கல்வி கொடுத்தார்கள், அதற்காக மற்றப் பாடங்களின் நேரத்தைக் குறைத்தார்கள். மதிப்பெண் சரியவில்லை. 2014-இல் அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுள்ள 221 பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளியாண்டு முழுக்க நடந்த ஆய்வில், பள்ளி முடிந்தபின் ஓடியாடிய பிள்ளைகளுக்குக் கவனத்தைக் கட்டுப்படுத்துவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதை மாற்றுவது போன்ற திறன்கள் அதில் சேர்க்கப்படாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பிள்ளைகளைவிட அதிகம் முன்னேறின.

இதைப் படித்துவிட்டு 'விளையாடினால் மார்க் ஏறும்' என்று விளம்பரம் செய்கிறவர்களையும் நம்ப வேண்டாம். மதிப்பெண்மீது நேரடி விளைவு சிறியது, ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. நேரத்தை எடுத்துக்கொண்டாலும் படிப்பு கெடுவதில்லை என்பதுதான் உறுதியாகச் சொல்லக்கூடியது. பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுப்பதால் கிடைக்கும் லாபம் கொடுப்பவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. வாதத்துக்கு அது போதும்.

## இப்போது ஊக்கம்

ஊக்கம் என்றதும் பரிசு, பதக்கம், கைதட்டல் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கேதான் சிக்கல்.

உளவியலாளர்கள் ஊக்கத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரு செயலை அதற்காகவே, அதிலுள்ள சுவைக்காகவே செய்வது உள்ளார்ந்த ஊக்கம். பரிசுக்காகவோ திட்டுக்குப் பயந்தோ செய்வது புற ஊக்கம். இரண்டையும் கூட்டினால் இரட்டிப்பாகும் என்று தோன்றும். அப்படி ஆகவில்லை என்று 1973-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள் படம் வரையப் பிடித்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு குழுவிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்பே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாத நேரத்தில் யார் தானாக வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசைச் சொல்லி வரைய வைத்த பிள்ளைகள் மற்ற இரு குழுக்களைவிடப் பாதி நேரமே வரைந்தார்கள். பிடித்த விளையாட்டு, கூலிக்குச் செய்யும் வேலையாகிவிட்டது.

1999-இல் இதுபோன்ற 128 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. முன்பே சொல்லிக் கொடுக்கும் பொருள் பரிசு உள்ளார்ந்த ஊக்கத்தைக் குறைக்கிறது, பெரியவர்களைவிடக் குழந்தைகளிடம் அதிகம் குறைக்கிறது. உண்மையான பாராட்டு அப்படிக் குறைப்பதில்லை. இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமான எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும், உள்ளார்ந்த ஊக்கம் உயிரோடு இருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள்.

1. என் விருப்பம் என்ற உணர்வு. எல்லாமே கட்டளையாக வரக்கூடாது. மூன்று ஆட்டங்களில் எது முதலில் என்று பிள்ளைகளையே கேட்பது, எந்த உயரத்தைத் தாண்டுவது என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்வது, ஏன் இந்தப் பயிற்சி என்று காரணம் சொல்வது. சின்ன விஷயங்கள்தான், ஆனால் குழந்தையின் நடை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

2. எனக்கு வருகிறது என்ற உணர்வு. மேலே சொன்ன சுழல் இதுதான். பயிற்சி மிக எளிதாக இருந்தால் சலிப்பு, மிகக் கடினமானால் பயம். ஒரே வகுப்பில் நாற்பது பேருக்கும் ஒரே தூரம், ஒரே உயரம், ஒரே நேரக்கெடு வைத்தால் பத்துப் பேருக்கு மட்டுமே அது பொருந்தும்.

3. நானும் இவர்களில் ஒருவன் என்ற உணர்வு. நண்பர்கள், ஆசிரியர், அணி. அணி பிரிக்கும்போது இரண்டு தலைவர்களை நிறுத்தி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்களே, அதில் கடைசியாக நிற்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். வாரந்தோறும், எல்லோர் முன்னிலையிலும், 'நீ வேண்டாம்' என்று அறிவிக்கும் ஏற்பாடு அது. அட்டைச் சீட்டில் நிறம் எழுதிக் குலுக்கிப்போட்டால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை.

இதோடு இன்னொரு கோணமும் சேர வேண்டும். வெற்றி என்றால் என்ன என்று அந்த வகுப்பு எப்படி வரையறுக்கிறது? 'நேற்றைவிட இன்று எனக்கு நன்றாக வந்தது' என்பது ஒரு வரையறை. 'அவனைவிட நான் மேல்' என்பது இன்னொன்று. ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர் 1980-களில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார், அதன்பின் ஜோன் டூடா போன்றவர்கள் விளையாட்டில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். முதல் வரையறை ஓங்கியிருக்கும் இடத்தில் பிள்ளைகள் தோற்றாலும் திரும்ப வருகிறார்கள், கடினமான பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாவது ஓங்கியிருக்கும் இடத்தில் ஜெயிக்கும் வரை எல்லாம் நன்றாகவே தெரியும், தோற்க ஆரம்பித்ததும் சாக்குகள், ஏமாற்று, விலகல் எல்லாம் வரிசையாக வரும். முதலிடம் ஒருவருக்குத்தான் என்றால் மற்ற முப்பத்தொன்பது பேரின் ஊக்கம் எங்கிருந்து வரும், கணக்கே தவறு.

அப்படியென்றால் போட்டியே கூடாதா? இல்லை. குழந்தைகளுக்குப் போட்டி பிடிக்கும், அவர்களாகவே வைத்துக்கொள்வார்கள். கவனித்திருந்தால் தெரியும், பெரியவர் யாரும் இல்லாமல் தெருவில் ஆடும் பிள்ளைகள் ஒரு அணி பலமாகிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி ஆளை மாற்றிக்கொள்வார்கள். ஒருதலைப்பட்சமான ஆட்டம் சுவையில்லை என்று அவர்களுக்குத் தெரிகிறது.

இந்த வெளிச்சத்தில் வழக்கமான சில நடைமுறைகள் எப்படித் தெரிகின்றன?

தவறு செய்தால் 'கிரவுண்டை அஞ்சு ரவுண்டு ஓடு'. ஓட்டம் தண்டனை என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. கணக்குப் போடாததற்கு 'நூறு தோப்புக்கரணம்' சொன்னாலும் இதேதான்.

அவுட் ஆனால் ஓரமாக உட்கார வேண்டிய ஆட்டங்கள். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ அவரே முதலில் வெளியேறி அதிக நேரம் உட்கார்கிறார். அவுட் ஆனவர் பத்து முறை குதித்துவிட்டுத் திரும்ப வரலாம் என்று விதியை மாற்றினால் தீர்ந்தது.

உடல்தகுதித் தேர்வின் முடிவை வகுப்பில் உரக்க வாசிப்பது. அவரவர் தாளில் போன மாத அளவும் இந்த மாத அளவும் இருந்தால் போதும், பக்கத்துப் பிள்ளையின் எண் யாருக்கும் தேவையில்லை.

வளரிளம் பெண்களுக்கு இதெல்லாம் இரட்டிப்பாக வேலை செய்யும். உடல் மாறும் காலம், மாதவிடாய், உடை மாற்ற மறைவான இடமின்மை, பார்க்கும் கண்கள், கேலி. பெண்களில் 85 சதவீதம் பேருக்குப் போதிய இயக்கம் இல்லை என்று மேலே பார்த்த எண்ணுக்குப் பின்னால் ஊக்கக் குறைவைவிட இந்த நடைமுறைத் தடைகள் அதிகம் என்றே நினைக்கிறேன். தளர்வான உடையை அனுமதிப்பது, பூட்டும் கதவுள்ள அறை, ஓய்வு கேட்டால் காரணம் துருவாமல் கொடுப்பது, இதற்கெல்லாம் புதிய கொள்கை எதுவும் தேவைப்படாது.

## பயிற்சியாளர் எவ்வளவு முக்கியம்

மிகவும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் இருவரும் 1970-களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களை மைதானத்தில் உட்கார்ந்து கவனித்து, அவர்களுக்காக ஒரு குறுகிய பயிற்சியை உருவாக்கினார்கள். சில மணி நேரப் பயிற்சிதான். முயற்சியைப் பாராட்டு, தவறுக்குப் பின் உற்சாகப்படுத்தி எப்படித் திருத்துவது என்று சொல், திட்டாதே, விதிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து முடிவுசெய் என்பவைதான் சாரம். இதைப் பெற்ற பயிற்சியாளர்களின் அணிகள் மற்ற அணிகளைவிட அதிகம் ஜெயிக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அவர்களைப் பிடித்தது, தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளிடம் மாற்றம் அதிகம் தெரிந்தது. 1992-இல் வெளியான, ஸ்மித்தும் ஸ்மாலும் பங்குகொண்ட இன்னொரு ஆய்வில், பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த பருவத்துக்குத் திரும்பவில்லை, பயிற்சி பெற்றவர்களிடம் அது 5 சதவீதம்.

பிள்ளைகளையே கேட்டாலும் இதுதான் வருகிறது. விளையாட்டில் எது ஜாலி என்று கால்பந்து ஆடும் பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டுத் தொகுத்த ஒரு அமெரிக்க ஆய்வில் 81 காரணங்கள் வந்தன. முயற்சி செய்வது, அணியினர் ஒருவரையொருவர் நன்றாக நடத்துவது, பயிற்சியாளர் மரியாதையாகப் பேசுவது போன்றவை மேலே நின்றன. ஜெயிப்பது 48-ஆவது இடம்.

## தேர்வில் ஒளிந்திருக்கும் பிறந்த மாதம்

திறமைசாலிகளைச் சின்ன வயதிலேயே பொறுக்கி எடுத்துப் பயிற்சி கொடுக்கலாமே என்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வயதுப் பிரிவுக்கு ஜனவரி 1 என்று எல்லை வைத்தால், ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது சில அங்குல உயரம், நல்ல எடை. பெரிய பிள்ளை தேர்வாகிறது, நல்ல பயிற்சி அதற்குப் போகிறது, அடுத்த ஆண்டு உண்மையிலேயே சிறந்ததாகவும் ஆகிவிடுகிறது. கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985-இல் அலசியபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். அதன்பின் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே கதை. ஒன்பது வயதில் 'திறமை' என்று நாம் எடுப்பதில் ஒரு பகுதி வெறும் பிறந்த மாதம்தான்.

## ஒரே விளையாட்டு, ஆண்டு முழுக்க

கனடா ஆய்வாளர் ஜான் கோட்டே, நன்றாக வளர்ந்த பல வீரர்களின் சிறுவயதைப் பார்த்துவிட்டு ஒரு வரைபடம் தந்தார். 6 முதல் 12 வரை பலவற்றை ருசிபார்க்கும் காலம், 13 முதல் 15 வரை ஒன்றிரண்டாகக் குறைக்கும் காலம், 16-க்குமேல் முழு முதலீடு. ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளம் வயதிலேயே உச்சம் தொடும் சில விளையாட்டுகளுக்கு இது பொருந்தாது. மற்றபடி பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை சொல்வதைச் சுருக்கினால்:

1. ஒரே விளையாட்டில் முழுதாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம்.
2. வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் பயிற்சியிலிருந்து முழு ஓய்வு.
3. ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒரு மாதம் ஒரு மாதமாகப் பிரித்தாவது, அந்த விளையாட்டிலிருந்து விலகல். மற்ற விளையாட்டுகளை ஆடலாம்.

மருத்துவர்கள் சொல்லும் ஒரு எளிய அளவுகோலும் உண்டு. வாரப் பயிற்சி மணிநேரம் குழந்தையின் வயதைத் தாண்டினால், அதாவது பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் போனால், திரும்பத் திரும்ப ஒரே அசைவால் வரும் காயங்கள் கூடுகின்றன. வேகமாக உயரும் பருவத்தில் எலும்பின் நுனியிலுள்ள குருத்துப் பகுதி பலவீனமாக இருப்பதால் முழங்காலுக்குக் கீழும் குதிகாலிலும் வலி அடிக்கடி வரும், 'வளர்ற வயசு, அப்படித்தான் வலிக்கும்' என்று தள்ளக்கூடாது.

## நார்வே செய்து பார்த்தது

நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு குழந்தைகளுக்கென்று தனி விதிமுறைகளை 1987-இல் ஏற்றுக்கொண்டது, 2007-இல் குழந்தை உரிமைகளைச் சேர்த்து விரிவாக்கியது. 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன் தரவரிசையோ புள்ளிப் பட்டியலோ வெளியிடக் கூடாது. 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன் பட்டப் போட்டி கிடையாது. எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதில் குழந்தையின் கருத்துக்கும் இடம் உண்டு. மெத்தனமான ஏற்பாடு என்று தோன்றுகிறதா? 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தச் சின்ன நாடு 16 தங்கம் வென்றது. ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் எந்த நாடும் அதுவரை அத்தனை தங்கம் வென்றதில்லை. இந்த விதிகளால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன், பனியும் பணமும் வசதியும் அங்கே நிறைய. ஆனால் சின்ன வயதில் புள்ளிப் பட்டியல் இல்லாவிட்டால் உச்ச வீரர்கள் வரமாட்டார்கள் என்ற பயம் தேவையற்றது என்பதற்கு இது போதுமான சான்று.

## குணத்தை வளர்க்குமா?

விளையாட்டு குணத்தை வளர்க்கிறது என்பதைவிட, இருக்கும் சூழலைப் பெருக்கிக் காட்டுகிறது என்பது பொருத்தம். நடுவரை ஏமாற்றியதைச் சாமர்த்தியம் என்று மெச்சும் பயிற்சியாளரிடம் ஐந்து வருடம் ஆடிய பிள்ளையும் ஒழுக்கம் கற்கிறது, என்ன ஒழுக்கம் என்பதுதான் கேள்வி. இலக்கு வைப்பது, கோபத்தை அடக்குவது போன்றவற்றை மைதானத்தில் கற்ற பிள்ளை வகுப்பறையிலும் பயன்படுத்த வேண்டுமானால், 'அங்கே செய்தாயே, அதேதான் இங்கேயும்' என்று யாராவது வாய்விட்டுச் சொல்லி இணைத்துக்காட்ட வேண்டும்.

## பிள்ளை 'இனி போகமாட்டேன்' என்றால்

பெற்றோர் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கட்டாயப்படுத்தவா, விட்டுவிடவா என்று உடனே முடிவெடுக்காமல் எந்தக் காரணம் என்று முதலில் பிரித்துப் பார்க்கலாம்.

1. வரவில்லை என்ற கூச்சம். தீர்வு தனியாக, யாரும் பார்க்காத இடத்தில், அடிப்படைத் திறனைச் சொல்லித்தருவது. பல நேரம் சில வாரங்களில் பிள்ளை தானாகத் திரும்பும்.

2. சலிப்பு. வேறு விளையாட்டு முயலட்டும். பன்னிரண்டு வயதுக்குள் மூன்று விளையாட்டு மாறுவது பொறுப்பின்மை ஆகாது, ருசிபார்க்கும் காலம் என்று மேலே பார்த்தோமே, அதுதான்.

3. வீடு திரும்பும் வழியில் நடக்கும் விசாரணை. 'ஏன் அந்தப் பந்தை விட்டாய்?' என்பதற்குப் பதில் வீட்டுக்கு வரும்வரை ஆட்டத்தைப் பற்றியே பேசாமல் இருந்து பாருங்கள். பேச வேண்டுமென்றால் பிள்ளையே தொடங்கும்.

4. ஆட வாய்ப்பே இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியில்லையென்றால் சின்ன அணிக்கு மாறலாம், பெரிய அணியின் பெஞ்சைவிடச் சின்ன அணியின் மைதானம் மேல்.

5. தொடரும் வலி, தீராத களைப்பு, தூக்கமின்மை, பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவது. கடைசியாகச் சொன்னது, பயிற்சிக்கு ஏற்ற அளவு சாப்பிடாததன் அறிகுறியாக இருக்கக்கூடும். இங்கே அறிவுரை வேண்டாம், மருத்துவர் வேண்டும்.

6. காரணம் சொல்லாமல் ஒரு குறிப்பிட்ட ஆளின் பெயரைக் கேட்டதும் முகம் மாறுவது, தனியாக அவரிடம் விட வேண்டாம் என்பது. அடி, அவமானம், தகாத தொடுகை எதுவாகவும் இருக்கலாம். பருவக் கட்டணம் கட்டிவிட்டோம், மாதக் கடைசியில் போட்டி இருக்கிறது என்பதெல்லாம் பிறகு. அன்றே நிறுத்திவிட்டு, பிள்ளை சொல்வதை நம்பிக் கேளுங்கள், பள்ளியிலோ சங்கத்திலோ எழுத்தில் புகார் கொடுங்கள், தேவைப்பட்டால் காவல்துறைக்கும் போங்கள்.